வெறுந்தட்டுல விழுந்த கோடு

உக்காருங்க எல்லாரும். பின்னால நிக்கறவங்க செவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்காண்டாம், அது விழாது, வந்து உக்காருங்க. பேச்ச நிப்பாட்டுங்க. முறுக்கு திங்கறவங்க இப்பமே கடிச்சி முடிங்க, இல்லன்னா வாயிலயே ஊறப்போட்டுச் சத்தமில்லாமத் தின்னுங்க. இது உயிரு மொதமொதல்ல எங்கருந்து வந்துச்சின்னு கேட்ட ஒரு மனுசனோட கத. கேள்விதான் பெருசு. ஆளு நம்மள மாதிரிதான்.

திருநெல்வேலிக்கு மேக்க, ரயில்வே கேட்டத் தாண்டுனா ஒரு ஆராய்ச்சி நிலையம். பேரு வேண்டாம். சொன்னா அங்க வேல பாக்கற எவனாவது இந்தக் கூட்டத்துலயே இருப்பான்.

அங்கதான் மாசானமுத்து இருந்தாரு. நாப்பத்தஞ்சு வயசு. சங்கரன்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியார். பதினெட்டு வருசம் பாடம் நடத்திட்டு, டாக்டர் பட்டம் வாங்கியே தீருவேன்னு மூணு வருசம் லீவு போட்டுட்டு வந்தவரு.

அவருக்கு வழிகாட்டி டாக்டர் ஜெபக்கனி. அவரவிட ஏழு வயசு எளையவங்க. அவரு அவங்கள மேடம்ம்பாரு, அவங்க அவர அண்ணாச்சிம்பாங்க. வயசு ஒரு பக்கமும் படிப்பு ஒரு பக்கமும் இருந்ததால ரெண்டு பேரும் மரியாதைய ஆளுக்குப் பாதியாப் பகுந்துக்கிட்டாங்க.

மேடம் பேசமாட்டாங்க. ஃபோன்ல அவங்க கூப்புட்டா, லைன் கெடச்சிதா கெடைக்கலையான்னு எடுத்தவனுக்குச் சந்தேகம் வந்துரும். ‘ம்’முன்னா சரி. ‘ம்ம்’முன்னா இன்னொருக்க யோசிங்க. ஒண்ணுமே சொல்லலன்னா தப்பு. அந்த லேபுல சேருறவங்க முதல் மாசம் படிக்கற பாடமே இதுதான்.

மாசானமுத்து நேர் எதிரு. அவரு இருக்கற மரத்துல காக்கா வந்து அடையாது, அதுக்குக் கத்த எடங் கெடைக்காது. பிரின்சிபாலு மாதிரி பேசுவாரு, ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கற அம்மா மாதிரி பேசுவாரு. வெளிநாட்டு ஜர்னல்ல கட்டுரையப் படிச்சிப் பாத்துக் குத்தஞ்சொல்றவரு எப்படி இருப்பாருன்னு யாருமே பாத்ததில்ல, ஆனா அவரு மாதிரியும் பேசுவாரு. மூக்கால.

அவரு செஞ்ச ஆராய்ச்சி இதுதான். முந்நூத்தம்பது கோடி வருசத்துக்கும் முன்னால, பாறைக் குழியில தண்ணி தேங்குது. வெயில்ல வத்துது. மறுபடி மழ, மறுபடி வெயிலு. இப்படி நனைஞ்சும் காஞ்சும் சின்னச்சின்னத் துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு கைகோத்துச் சங்கிலி ஆவுது. நம்ம உடம்புல, அப்பன் மூக்கு புள்ளைக்கு வாறதுக்குக் காரணமா ஒரு சங்கிலி இருக்குல்ல, அதோட பூட்டன் பூட்டி அது.

ஆனா ஒத்தச் சங்கிலியால ஒண்ணும் ஆவாது. இது அதுக்கு ஒதவணும், அது இன்னொண்ணுக்கு ஒதவணும், கடைசியில சுத்தி வந்து மொதல்ல உள்ளதுக்கே யாராவது ஒதவணும். வலை மாதிரி. கல்யாணப் பந்திய வச்சி மாசானமுத்து இதச் சொல்லுவாரு. எல போட ஒருத்தன், சோறு போட ஒருத்தன், சாம்பாருக்கு ஒருத்தன். எல்லாஞ் சரி, பரிமாறுனவனுக்கு எவன் பரிமாறுவான்? அந்தக் கேள்விக்குப் பதில் கெடச்ச அன்னைக்குத்தான் உயிரு தொடங்குச்சின்னு முடிப்பாரு. கேட்டவங்களுக்கு உயிரு வெளங்காது, பசி வந்துரும்.

லேபுல ஒரு சூட்டுப் பலகை மேல ரெண்டு கண்ணாடித் தட்டு. ஒண்ணுல உப்பு, தண்ணி, அதோட சங்கிலிக்கு வேண்டிய துண்டுங்க. இன்னொண்ணுல உப்பும் தண்ணியும் மட்டும், துண்டு கெடையாது. அதுக்கு வெறுந்தட்டுன்னு பேரு. அதுல ஒண்ணும் வரக்கூடாது. வராம இருக்கறதுதான் அதோட வேலை.

முதல் நாளு மேடம் நீளமா ஒரு வாக்கியம் சொன்னாங்க. அந்த வருசத்துக்கே அதுதான் நீளம். “இதுக்கு என்ன செஞ்சாலும் அதுக்கும் அதயே செய்யுங்க, அண்ணாச்சி.”

மாசானமுத்து அப்படியே செஞ்சாரு. அதுல அவரக் குத்தஞ்சொல்ல முடியாது. தினமும் காலையில ரெண்டு மூடியயும் தொறப்பாரு, ரெண்டுலயும் அளந்து தண்ணி விடுவாரு. மாஸ்க் தாடையில கெடக்கும். மூஞ்சியில போட்டா மீசை வேர்க்குதும்பாரு. கூட வேல பாக்கற ரஹ்மத் நிஷா, கடையநல்லூர்ப் பொண்ணு, தாடைக்குக் கிருமி வராது சார், வாயில போடுங்கன்னு பத்து தடவை சொல்லிருப்பா. அதுக்கு அவரு, உயிரு பொறந்து கண்ணு முழிக்கும்போது மொதல்ல எம்மூஞ்சியத்தானம்மா பாக்கணும், மூடி வச்சா ஏமாந்துறாதான்னு கேட்டாரு.

மூடியத் தொறந்துட்டுச் சும்மாவும் இருக்கமாட்டாரு. தட்டு மேல குனிஞ்சி, ஸ்டேஷன் அம்மா கொரல்ல, விடிஞ்சிருச்சி, தூங்குற மூலக்கூறுகள் எல்லாம் எந்திரிக்கவும்னு அறிவிப்பாரு. அப்புறம் மேடம் சொன்ன நியாயப்படி வெறுந்தட்டுக்கும் ஒரு பாட்டம் பேசணும்ல. அதுக்கு ஆறுதல். ஒன்னப் பெத்தவங்க ஒண்ணும் வைக்காமப் போயிட்டாங்க, நீ மனசு விட்டுறாதன்னு தெனமும் சொல்லுவாரு.

தொண்ணூறாம் நாளு கோடு விழுந்துச்சி.

கோடுன்னா என்ன? தட்டுல உள்ளதுல ஒரு சொட்டு எடுத்து, ஜெல்லி மாதிரி ஒரு வில்லையில வச்சிக் கரண்ட்டு குடுப்பாங்க. சின்னத் துண்டு தூரமா ஓடிப்போயிரும். நீளச் சங்கிலி நம்ம சம்பந்தி மாதிரி வாசல்லயே நின்னுக்கும். அந்த எடத்துல லைட்ட அடிச்சா ஒரு கோடு மினுங்கும். தொண்ணூறாம் நாளு லேசா மினுங்குச்சி. நூறாம் நாளு நல்லா. நூத்துப் பதினஞ்சுல, கண்ணாடி போடாமயே தெரிஞ்சிது.

மாசானமுத்து அழுதுட்டாரு. பொய்யில்ல. அந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு மேடம் ரூமுக்கு ஓடுனாரு. மேடம் ரொம்ப நேரம் பாத்தாங்க.

“வெறுந்தட்டு?”ன்னாங்க.

அதுலதான் ஒண்ணுமே போடலையே, அத ஓட்டிப் பாத்து என்ன செய்யன்னாரு.

மேடம் ஒண்ணுஞ் சொல்லல.

முதல் மாசத்துப் பாடம் அவருக்கு நல்லாவே தெரியும். ஆனா சந்தோசத்துல இருக்கறவனுக்கு அடுத்தவங்க பேசாம இருந்தா, அது சம்மதம் மாதிரியே கேக்கும். வாராவாரம் மேடம் அதயே கேட்டாங்க, இவரு வாராவாரம் அடுத்த வாரம்னாரு.

அதுக்குள்ள சேதி ஊருக்குப் போயிருச்சி. எப்படிப் போச்சின்னு கேக்காதீங்க. மனைவி சண்முகவடிவுக்கு மட்டும்னு ஃபோன் போட்டாரு. அப்புறம் பிரின்சிபாலுக்கு மட்டும். அப்புறம் கேண்டீன்ல உள்ளவங்களுக்கு மட்டும். பத்தாவது நாளு காலேஜுக்கு எதுத்தாப்புல, பஸ் ஸ்டாண்டுல பதினஞ்சடி ஃபிளெக்ஸு. ‘உயிரின் ரகசியத்தை உடைத்த எங்கள் மாசானமுத்து’. பக்கத்துல ஒரு தொலைநோக்கி படம். ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கு விஞ்ஞானின்னா அதுதான் தெரிஞ்சிருக்கு.

இப்பம் அவரு நெலமையப் பாருங்க. லீவு மே மாசத்தோட முடியுது. ஜர்னல்ல கட்டுரை ஏறுனாத்தான் ஆய்வேட்ட வாங்குவாங்க. ஜெர்மனியில ஒரு கூட்டம் இதே தட்ட வச்சிக்கிட்டு இதே வேலையச் செய்யுது, அவங்க முந்திட்டா இவரு கட்டுரைய எவனும் தொடமாட்டான். கட்டுரை இல்லன்னா பட்டம் இல்ல. பட்டம் இல்லாமப் போனா, தெனமும் காலையில அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழதான் பஸ்ஸ விட்டு எறங்கணும்.

விழுந்து விழுந்து எழுதுனாரு. வலைக்குப் படம் போட்டாரு, புள்ளியும் அம்புமா ரெண்டு பக்கம். எந்தச் சங்கிலி எதுக்குப் பரிமாறுதுன்னு எல்லாம் அதுல இருந்துச்சி. ஜர்னல்காரங்க கேள்வித்தாளு ஒண்ணு அனுப்பியிருந்தாங்க, இருவது கேள்வி. ஒவ்வொண்ணயும் மூக்கால வாசிச்சி, மூக்காலயே பதிலும் சொல்லி, எழுதிக்கிட்டே வந்தாரு. பதினாலாவதுல நின்னுட்டாரு. வெறுந்தட்டை ஓட்டிப் பாத்தீங்களா, படத்த இணைக்கவும்.

சரி, இதுல என்ன இருக்குன்னு அன்னைக்கு மத்தியானமே ஓட்டுனாரு. லைட்டப் போட்டாரு.

ரெண்டுலயும் கோடு.

ஒரே ஒசரத்துல. அக்கா தங்கச்சி மாதிரி.

சொட்ட மாத்தி வச்சிட்டோம்னு நெனச்சி மறுநாளு ஓட்டுனாரு. ரெண்டுலயும் கோடு. ஜெல்லி பழசுன்னு புதுசாக் காய்ச்சி மூணாவது தரம் ஓட்டுனாரு. இந்தத் தடவ வெறுந்தட்டுக் கோடுதான் கொஞ்சம் கூடுதலா மினுங்குன மாதிரி இருந்துச்சி.

முதல் நாளு, ரெண்டு தட்டுலயும் சங்கிலி ஏதும் இல்லாதப்ப ஓட்டி எடுத்த படம் ஒண்ணு அவருகிட்ட இருந்துச்சி. சுத்தமான படம். அதுல வெறுந்தட்டு வெறும் தட்டாத்தான் இருக்கு. பதினாலாவது கேள்விக்கு அதப் போட்டாரு. தேதியப் போடல. மூணு புதுப் படத்தயும் மடிச்சி ஃபிரிட்ஜ்ல, தன்னோட டப்பாவுக்கு அடியில வச்சாரு. கட்டுரைய அனுப்பிட்டாரு.

கூட எழுதுனவங்களும் சம்மதிச்சாத்தான் ஜர்னல்ல எடுப்பாங்க. ‘இதில் உள்ளதற்கு நானும் பொறுப்பு’ன்னு ஈமெயில் வரும், அத அமுக்கணும். மேடத்துக்கு வந்துச்சி. மேடம் அமுக்கல. ஜர்னல்காரங்க ஒரு வாரம் கெடு குடுத்திருந்தாங்க.

நாலு நாளு ஓடிச்சி. அந்த நாலு நாளும் மாசானமுத்து பேசல.

லேபே பயந்துபோச்சி. ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் அவ்வளவு பெருசுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது அவங்களுக்கு. நிஷா, சாருக்குப் பல்லு வலின்னு முடிவு கட்டி, கிராம்பு கொண்டாந்து மேசையில வச்சிட்டு, அக்கா கல்யாணத்துக்குக் கடையநல்லூருக்குப் போயிட்டா. வீட்டுல சண்முகவடிவு ரெண்டு தரம் நெத்தியத் தொட்டுப் பாத்தா. மனுசனுக்குச் சோறு எறங்கல. வாயத் தொறந்தா அந்தக் கோடு வெளிய வந்து விழுந்துரும்னு, தண்ணி குடிக்கக்கூட யோசிச்சாரு.

அஞ்சாம் நாளு காலையில மேடம் அவரு மேசைக்கு வந்து நின்னாங்க. கிராம்பப் பாத்தாங்க.

“பல்லா?”

“இல்ல மேடம்.”

எந்திரிச்சிப் போயி, ஃபிரிட்ஜத் தொறந்து, டப்பாவத் தூக்கி, மூணு படத்தயும் கொண்டாந்து அவங்க முன்னால விரிச்சாரு. எல்லாத்தயும் சொன்னாரு, முதல் நாளு படத்தப் போட்டது வரைக்கும். மேடம் திட்டுவாங்கன்னு காத்திருந்தாரு. மேடம் படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அவ்வளவுதான்.

அப்பம் அவரு கேட்டாரு. இத்தன வருசமா மேடையில, கிளாஸ்ல, கேண்டீன்ல கேட்ட அதே கேள்விதான். ஆனா இந்தத் தடவ எந்தக் கொரலும் போடாம, தன்னோட சொந்தக் கொரல்லயே கேட்டாரு.

“நான் அதுல ஒண்ணுமே போடலையே மேடம். ஒண்ணுமே போடாத எடத்துல எங்கருந்து வந்துச்சி?”

மேடம் போயி ரெண்டு புதுத் தட்டு எடுத்துட்டு வந்தாங்க. இது வேற தட்டு. கடல்பாசியக் காய்ச்சி ஊத்துனது. ரம்ஜான் நோன்புக்கு நம்ம வீட்டுல செய்வாங்கல்ல, அதே பாசிதான், சீனிக்குப் பதிலாக் கிருமி திங்கற சாமானு போட்டிருக்கும். ஒண்ண அவரு முன்னால வச்சி மூடியத் தொறந்தாங்க.

“கோட்ட மொதல்ல பாத்த அன்னைக்கு என்ன நடந்துச்சின்னு சொல்லுங்க.”

எதுக்குன்னு அவருக்கு வெளங்கல. ஆனா நாலு நாளு அடச்சிக்கிடந்த வாயி. மொதல்ல முணுமுணுத்தாரு. அப்புறம் சூடு புடிச்சிருச்சி. லைட்டப் போட்டது, தான் அழுதது, நிஷா முழிச்சது, பிரின்சிபால் ஃபோன்ல இருமுனது, எல்லாரு கொரலும் வந்துச்சி. ரெண்டு கையும் வந்துச்சி. மேடம் கடிகாரத்தப் பாத்து அஞ்சு நிமிசத்துல மூடியப் போட்டாங்க.

பெறகு இன்னொரு தட்டத் தொறந்து தன் முன்னால வச்சிக்கிட்டாங்க. அஞ்சு நிமிசம் அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எதிர்ல உக்காந்திருந்த மாசானமுத்துவுக்கு அந்த அஞ்சு நிமிசம் முந்நூத்தம்பது கோடி வருசம் மாதிரி இருந்துச்சி. வாயப் பொத்திக்கிட்டு மூக்கால எதோ கேட்டாரு, மேடம் பதிலுக்கு என்னமோ செஞ்சாங்க. மூடியாச்சி. ரெண்டயும் கதகதப்புப் பெட்டியில வச்சாங்க. ரெண்டு நாளுன்னு வெரலக் காட்டுனாங்க.

ஏழாம் நாளு, ஜர்னல்காரங்க குடுத்த கெடு சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடியுது. மூணு மணிக்கு மேடம் பெட்டியத் தொறந்தாங்க.

மாசானமுத்து பேசுன தட்டுல எடமே இல்ல. வெள்ளையா, மஞ்சளா, கேழ்வரகு கொட்டுன மாதிரி புள்ளி. எண்ணப் பாத்து நூத்தி நாப்பதுல விட்டுட்டாரு. மேடம் தட்டுல ரெண்டே ரெண்டு புள்ளி.

ரெண்டுக்கும் என்ன கணக்கு மேடம்னாரு.

நடுவுல நீங்க கேட்டதுக்கு ரெண்டு ‘ம்’ சொன்னேன்னாங்க.

அப்புறம் லேப்டாப்பத் திருப்பி ஒரு தாளக் காட்டுனாங்க. வெறுந்தட்டு, நல்ல தட்டு ரெண்டுலருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, பத்து நாளைக்கு முன்னாலயே ஹைதராபாத்துல சங்கிலிய எழுத்தெழுத்தா வாசிக்கற லேபுக்கு அனுப்பியிருக்காங்க. இவருகிட்ட கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, சொல்லாம அனுப்புனது. அந்தச் சங்கிலி எந்தக் குடும்பத்துதுன்னு பதிலு வந்திருந்துச்சி. புதுக் குடும்பம் இல்ல. மனுசனோட பல்லிடுக்குல குடியிருக்கற ஒரு கிருமி. அது செத்தாலும் அதோட சங்கிலி கொஞ்ச நாளைக்குக் கெடக்கும். நல்ல தட்டுலயும் அதுதான்.

மாசானமுத்து அந்த ரெண்டு கண்ணாடித் தட்டயும் பாத்தாரு. நூத்திச் சொச்சம் நாளு, காலையில காலையில குனிஞ்சி எழுப்புனதும், ஆறுதல் சொன்னதும் ஞாபகம் வந்துச்சி. ஆறுதல் கொஞ்சம் கூடுதலாவே சொல்லியிருந்தாரு.

சிரிப்பு வரல. அழுகையும் வரல. மே மாசம் முடிய இன்னும் பத்தொம்பது நாளுதான் இருந்துச்சி. புதுசா ரெண்டு தட்டு வச்சி, வாய மூடிக்கிட்டு, மறுபடி தொண்ணூறு நாளு காக்க முடியாது. மேசையில லேப்டாப்பு. அதுல அந்த ஈமெயில். ‘இதில் உள்ளதற்கு நானும் பொறுப்பு.’ மணி நாலு.

அவரு மெதுவா ஆரம்பிச்சாரு. தான் போட்ட படம் பொய்யான படம் இல்லைன்னாரு. முதல் நாளு எடுத்ததுதான், தட்டு அன்னைக்குக் காலியாத்தான் இருந்துச்சி, தேதியத்தான் சொல்லலைன்னாரு. அறிவியல்ல இதெல்லாம் நடக்கறதுதான், இருவது வருசம் கழிச்சி எவனாவது செஞ்சி பாத்து தப்புன்னு எழுதுவான், எழுதட்டும், அப்படித்தானே அறிவியலு வளருதுன்னாரு. அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்னும் சேத்துக்கிட்டாரு. வலைப் படம் மட்டும் எவ்வளவு அழகா வந்திருக்கு, அதுக்காகவாவதுன்னாரு. ஃபிளெக்ஸப் பத்திச் சொன்னாரு. தெனமும் அதுக்குக் கீழதான் எறங்கணும்னாரு.

மேடம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ‘ம்’மும் இல்ல, ‘ம்ம்’மும் இல்ல.

மணி நாலே முக்கால்.

“நிஷாவுக்குக்கூடத் தெரியாது மேடம்,”ன்னாரு மாசானமுத்து. “ஒலகத்துலயே ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க.”

ஜெபக்கனி லேப்டாப்ப அவரு பக்கமாத் தள்ளி வச்சாங்க.

“தொறக்க மாட்டேன் அண்ணாச்சி. நீங்க?”